சயாம் தெரியும் பாறை

என் அம்மா பிச்சையம்மாள் சென்ற மாதம் அலோர் ஸ்டார் அருகே மெர்கோங்கில் என் வீட்டில் இறந்தார். நான்கு நாள் காய்ச்சல். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. சிறு பிள்ளையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில், கெடா மாநிலத்து மெர்போக் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். பால்வாளி தூக்கும் உடம்பு வந்ததும் வேலையில் சேர்ந்தார். பிறகு அதே தோட்டத்தில் பால்மரம் சீவிய குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டார்.

வாழ்நாளில் அவர் ஏறியது ஒரே ஒரு மலை. ஜப்பான்காரன் காலத்தில், 1944 பிப்ரவரியில், ஜெராய் மலை. அது தோட்டத்துக்கு வடக்கே நின்றது. காலையில் அதன் தலையிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் எரிமலை என்று பயப்படுவார்களாம். அது வெறும் பாறை மலை. கிளம்புவது மேகம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணி இருபது பேரின் பெயரை வாசித்தார். சயாமில் ரயில் ரோடு போடும் வேலை, மூன்று மாதம், முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றார். என் அப்பாவின் பெயர் அதில் இருந்தது. லாரி அங்கேயே நின்றது. அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு வேட்டியும் பால்மரம் சீவும் உளியும் எடுத்து வந்தார்.

"ரயில் ரோடு போட உளி எதுக்கு?" என்று அம்மா கேட்டார்.

"சயாம்லயும் ரப்பர் மரம் இருக்கும்ல. மூணு மாசத்துல கை மறந்துடும், புள்ள."

லாரி சுங்கைப்பட்டாணி ரயில் நிலையத்துக்குப் போயிற்று. அம்மா அப்போது என்னைச் சுமந்துகொண்டிருந்தார்.

அக்டோபரில் இன்னொரு பெரட்டில் கிராணி வேறொரு செய்தி சொன்னார். ஜப்பான்காரன் கெடாவை சயாமுக்குக் கொடுத்துவிட்டான். இன்று முதல் நாம் இருப்பது சயாம் நாடு. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முன்பும் மரவள்ளிக்கிழங்கு, இப்போதும் மரவள்ளிக்கிழங்கு. அம்மாவுக்கு மட்டும் தோன்றியது. பக்கத்து வீட்டு நவமணியிடம் சொன்னார்.

"அக்கா, அவரு போனது சயாம். இப்ப இதுவும் சயாம். அப்ப அவரு நம்ம நாட்டுலதானே இருக்காரு? பாஸு கீஸு எதுவும் வேணாமே."

"ஆமாடி. சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துருவாரு, உலை வை" என்றார் நவமணி.

கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முடிந்து நான்காம் மாதமும் போயிருந்தது. அவர் வராவிட்டால் தானே போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் நான் பிறந்தேன். ஜனவரியில் முனியாண்டி திரும்பினார். அப்பாவோடு லாரியில் போன இருபது பேரில் ஒருவர். முகாமிலிருந்து தப்பி, சரக்கு ரயிலில் ஒளிந்தும் நடந்தும் வந்திருந்தார். கால் இரண்டிலும் எலும்பு தெரியும் புண். இரண்டு நாள் தூங்கினார். பிறகு என் பெரியப்பா இருளப்பன் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். இருளப்பன் அப்பாவுக்கு ஒரே அண்ணன். அம்மா கதவோரம் நின்றார்.

"தம்பியைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே. எங்க கொட்டாயிலதான் இருந்தான். வாந்திபேதி வந்துச்சு. தூக்கிட்டுப் போயி தனிக் கொட்டாயில போட்டானுங்க."

"அப்புறம்?"

"அங்க போனவன் யாரும் எந்திரிச்சு வந்து நான் பாக்கல, அண்ணே. மொத்தமாப் போட்டு எரிச்சானுங்க."

"அவன எரிச்சத நீ பாத்தியா?"

"இல்ல. பொய் சொல்ல மாட்டேன். பாக்கல."

பெரியப்பாவுக்கு அவர் முதலில் சொன்னதே போதும். அம்மாவுக்குக் கடைசியில் சொன்னது போதும்.

பெரியப்பா இரண்டு கோழிகளைச் சுங்கைப்பட்டாணிக்குக் கொண்டுபோய் நான்கு கஜம் வெள்ளைத் துணி வாங்கி வந்தார். அந்த நாளில் துணி கிடைப்பது பெரிய காரியம். லயத்தில் பாதிப்பேர் கோணிச் சாக்கைத்தான் கட்டியிருந்தார்கள். கணவன் இறந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடவேண்டிய கோடித்துணி அது. அம்மாவுக்கு இங்கே பிறந்த வீட்டார் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் பெரியப்பாவே வாங்கினார்.

"தாயி, உடம்பு இல்லேன்னாலும் வைக்கோல்ல உருவம் செஞ்சு எரிச்சுக் காரியம் பண்ணலாம். பூசாரி சொல்றாரு. பண்ணாட்டி அவன் தண்ணி கெடைக்காம அலைவான்."

"உசிரோட இருக்கிறவருக்கு எதுக்கு மச்சான் காரியம்? நான் சயாம் போயிப் பாத்துட்டு வரேன்."

"கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டா?"

"தூக்கிக்கிட்டுத்தான்."

"எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

"முனியாண்டி அண்ணன் நடந்து வரலயா?"

"அவன் காலப் பாத்தியா நீ?"

இப்படி ஒரு வாரம் போயிற்று. அம்மா மரவள்ளிக்கிழங்கைச் சீவி, காயவைத்து, மூட்டை கட்டத் தொடங்கினார். அது வழிச்சாப்பாடு என்று பெரியப்பாவுக்குப் புரிந்தது. தடுக்க முடியாது என்றும் புரிந்தது. அப்போதுதான் அவர் மலைப் பேச்சை எடுத்தார். ஜெராய் மேலே நின்றால் சயாம் தெரியும் என்று எல்லோரும் சொல்வதுண்டு. "மொதல்ல ஏறிப் பாரு. பாத்த பொறவும் நடந்தே போறேன்னு சொன்னா, நானும் கூட வரேன். பாத்துட்டு முடியாதுன்னு தோணினா காரியத்துக்கு ஒத்துக்க."

அம்மா ஏறுவதற்கு ஒத்துக்கொண்டார். மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

வழிகாட்ட பாக் சாட் இருந்தார். மலையடிவாரத்தில் குடிசை போட்டிருந்த மலாய்க் கிழவர். பிரம்பும் பெத்தாய்க் காயும் இறக்கி வந்து தோட்டங்களில் விற்பவர். விற்றுப் பழகியதில் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"சயாம் நல்லாத் தெரியும்லா. ஆனா விடியும்போது மட்டும். வெயில் வந்தா மேகம் மூடிக்கும். ராத்திரியே ஏறணும், அண்ணே. கூலி துணியாக் குடு. டூயிட், காசு வேணாம். ஜப்பான் டூயிட்ட வச்சு அடுப்புதான் பத்தவைக்கலாம்."

துணிக்கு எங்கே போவது என்று பெரியப்பா கேட்டார். ஒரு கோழிக்குப் பேசி முடித்தார்கள்.

என்னை நவமணியிடம் விட்டுவிட்டு அம்மா புறப்பட்டார். குடிசையை அடையும்போது இருட்டிவிட்டது. பெரியப்பா கோழியை நீட்டினார். அம்மா தன் மூட்டையிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து பாக் சாட்டின் கையில் கொடுத்தார். நான்கு கஜமும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"என்ன தாயி பண்ற?"

"அவரு துணிதான கேட்டாரு, மச்சான். கோழிய நீங்க வச்சுக்குங்க. முட்டை போடும்."

பெரியப்பா திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாக் சாட் துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் அவருடைய தாயார் படுத்திருந்தார். கிழவிக்கு நாள் நெருங்கிவிட்டது, சுற்றிப் புதைக்கத் துணி இல்லாமல் இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

நடு இரவுக்குப் பிறகு ஏறினார்கள். முன்னால் பாக் சாட் குங்கிலியப் பந்தத்தோடு, நடுவில் அம்மா, பின்னால் பெரியப்பா. மூவருக்கும் செருப்பு இல்லை. அட்டைக்காகக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்திருந்தார்கள். ஓடையைத் தாண்டியதும் அது கழுவிப்போயிற்று. செங்குத்தான இடங்களில் வேரைப் பிடித்து ஏறினார்கள். பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பாக் சாட் கேலி செய்தார்.

"அண்ணே, மரம் சீவுற ஆளா, மரத்துல சாஞ்சி நிக்கிற ஆளா?"

"மேல வந்து சொல்றேன், நீ நட."

எனக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டியதும் அம்மாவுக்கு மார்பு கட்டிக்கொண்டது. பிறகு பால் தானாகக் கசிந்து, மேலே சுற்றியிருந்த சாக்குத் துணி நனைந்து, குளிரில் விறைத்தது. இதை எனக்கு நாற்பது வயதானபோதுதான் சொன்னார், வேறு ஏதோ பேச்சின் நடுவில்.

உச்சிவரை போகவில்லை. அங்கே ஜப்பான்காரர்களின் காவல் இருப்பதாகப் பேச்சு. பாக் சாட் சற்றுக் கீழே, மரமில்லாமல் வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். பந்தத்தை அணைத்தார். காத்திருந்தார்கள். முதலில் கிழக்கே மலைகளின் விளிம்பு தெரிந்தது. பிறகு சூரியன் வந்தது. இடது கையில் கடல், தூரத்தில் லங்காவி. கீழே அறுவடை முடிந்த வயல்கள் அலோர் ஸ்டார் பக்கம்வரை பரந்து கிடந்தன. அதற்கப்பால் நீலமாக மலைகள். அதற்கப்பால் இன்னொரு வரிசை, இன்னும் வெளிறி. அதற்கப்பால் இருப்பது மலையா வானமா என்று சொல்ல முடியவில்லை.

"இதுல எது சயாம்?" என்று அம்மா கேட்டார்.

"சினி பூன் சயாம்லா" என்றார் பாக் சாட். காலால் பாறையைத் தட்டினார். "இங்கயும் சயாம். இப்போ எல்லாமே சயாம். நீ நிக்கிறது, உன் வீடு, எல்லாம்."

"அது தெரியும். ரயில் ரோடு போடுற எடம் எது?"

"அது தெரியாது."

"தெரியாமத்தான் கூலி வாங்குனியா?" என்று பெரியப்பா கத்தினார்.

"சயாம் காட்டுறேன்னுதான் சொன்னேன், அண்ணே. ரயில் காட்டுறேன்னு சொல்லல." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "போன வருசம் மாடு ஓட்டிக்கிட்டு ஹாட்ஞாய் போனேன். அந்தக் கடைசி மலைக்கும் அந்தப் பக்கம். அங்க சந்தையில கேட்டேன், ஆளுங்களைக் கொண்டுபோயி ரயில் போடுறானே, எங்கன்னு. அவங்களும் வடக்கேதான் கைய நீட்டுனாங்க."

"அங்கருந்தும் வடக்கா?"

"அங்கருந்தும் வடக்கு."

நான் வேலை செய்தது நில அளவைத் துறையில், நிலப்படம் வரையும் பிரிவில். அந்த உயரத்திலிருந்து பார்வை எட்டுவது ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். முனியாண்டி சொன்ன முகாம் இருந்தது ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். பின்னாளில் படத்தை விரித்து இதை அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் நெனச்சதும் இவ்வளவு தூரந்தான்" என்றார்.

பாறையில் அவர் உட்கார்ந்தே இருந்தார். வெயில் வலத் தோளைத் தொட்டதும் கீழேயிருந்து மேகம் ஏறத் தொடங்கியது. முதலில் வயல்கள் மறைந்தன, பிறகு முன்வரிசை மலை, பிறகு எல்லாம். பக்கத்தில் இருந்த பெரியப்பாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"என்ன தாயி சொல்ற?" என்று கேட்டார் பெரியப்பா. "போறதா? போறதுன்னா நானும் வரேன். சொன்ன வார்த்தை மாற மாட்டேன்."

"போகல, மச்சான். புள்ள செத்துப்போகும்."

"அப்ப காரியம்?"

"அதுவும் வேணாம். போயித் தேட முடியலேங்கிறதுக்காக அவரு செத்துட்டாருன்னு நான் எப்படிச் சொல்றது? முடியாதது எனக்கு. சாவு அவருக்கா?"

பெரியப்பா எழுந்தார். அம்மா வேகமாக இறங்கினார். எனக்குப் பசிக்கும் என்பதுதான் அவர் நினைப்பு. நவமணி எனக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்து, நான் துப்பியதால் தோளில் போட்டுக்கொண்டு லயத்தின் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"சயாம் எப்படிடி இருக்கு?" என்றார்.

"மேகமா இருக்கு, அக்கா" என்று சொல்லி அம்மா என்னை வாங்கிக்கொண்டார். காயவைத்த மரவள்ளியை அடுத்த நாளிலிருந்து சமைக்க எடுத்தார்.

பெரியப்பாவால் அப்படி இருக்க முடியவில்லை. தம்பி தண்ணீருக்கு அலைவதாக அவருக்குக் கனவு வந்தது. மாசி மாத அமாவாசையில், முனியாண்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோத்தா கோலா மூடாவுக்குப் போனார். மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வைக்கோலில் உருவம் செய்து எரித்தார். தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு முழுகினார். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை.

மாலையில் அவர் திரும்பியபோது அம்மா நெற்றியில் குங்குமத்தோடு வாசலில் நின்றார். உள்ளே சுடுதண்ணீர் வைத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு பிடி அரிசி வாங்கிச் சோறாக்கியிருந்தார். பெரியப்பா குளித்துவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். சோற்றைத் தொடாமல் அம்மாவின் நெற்றியையே பார்த்தார்.

"நாம ரெண்டு பேர்ல யாரு தாயி சரி?"

"எனக்குத் தெரியல, மச்சான். நீங்க அண்ணன், உங்களுக்கு அப்படித் தோணுது. சாப்பிடுங்க, சோறு ஆறிப்போவுது."

அவர் சாப்பிட்டார்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. கெடா மறுபடி வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள், அப்பா வரவில்லை. அவரைப் புதைத்த அல்லது எரித்த இடம் தெரிந்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியப்பா ஆண்டுதோறும் மாசி அமாவாசைக்கு ஆற்று முகத்துக்குப் போனார். அம்மா ஆண்டுதோறும் தாலிக்கயிற்றை மாற்றினார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. பெரியப்பா 1971-இல் இறந்தார்.

சென்ற மாதம் அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள் உள்ளேயிருந்து ஆள் அனுப்பி என்னைக் கேட்டார்கள்: கயிற்றைக் கழற்றுவதா, விடுவதா? அப்பா இருக்கிறாரா, இல்லையா? எனக்கு வயது அறுபது. கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

விடச் சொன்னேன்.