முழங்காலில் வைத்த ஐஸ்

கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணியில் நான் டிஃபென்டர். இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில், விலகிப் போன பந்தை மறிக்க வலது காலை எட்டி வைத்தேன். தொடை இடுக்கில் சுரீரென்று ஏதோ இழுத்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர், "எங்கன வலிக்கி?" என்று கேட்டார். அந்த இடத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

"முட்டு, சார்."

அவர் அக்கறையாக முழங்காலில் ஐஸ் கட்டிவிட்டார். வலிக்காத முட்டில் ஐஸ் உருகி காலுறை நனைய, கடற்காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வலியோடு ஆறு வாரம் ஓட்டினேன். பிறகு இருமினாலே வலித்தது. அப்பாவின் பைக்கில் பின்னால் ஏறக் காலைத் தூக்க முடியாமல் நின்றபோது அம்மா பார்த்துவிட்டாள். மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனாள்.

அவர் என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, மடக்கிய இரு முழங்கால்களுக்கும் நடுவே தன் கைமுஷ்டியை வைத்தார். "அமுக்குங்க." அமுக்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இது முட்டு இல்லம்மா, கவட்டை," என்றார், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

ஸ்கேன் திரையில் அந்த இடத்தைக் காட்டினார்கள். தொடையின் உள்பக்கத் தசை வந்து எலும்பில் பிடித்துக்கொள்ளும் இடம். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். ஓட்டத்தில் சட்டென்று திரும்பியது, குனிந்து மட்டையை நீட்டியது, காலை அகட்டி நின்றது எல்லாவற்றையும் இத்தனை வருடம் அது தாங்கியிருக்கிறது. என் உடம்புக்குள் இப்படி ஒன்று உழைத்துக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியாது. காலை லேசாக அசைத்து, திரையில் அது அசைவதை மறுபடி மறுபடி பார்த்தேன்.

உடைமாற்றும் அறையில் தோழிகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் கோல்கீப்பர் கால்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடற்கரைத் தெருக்காரி, அதிகம் பேசமாட்டாள்.

"எனக்கும்தாம்ளா. ரெண்டு வருசமா."

நான் நம்பவில்லை. தரையோடு தரையாகக் காலை விரித்துப் பந்தைத் தடுப்பவள் அவள்.

"பின்ன எப்படிளா நின்ன? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ முட்டுன்னு சொன்ன. நான் ஒண்ணுமே சொல்லல. அவ்வளவுதான்."

அவள் தடுத்த பந்துகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனைக்கும் அவளுக்கு வலித்திருக்கிறது.

இருவரும் சேர்ந்து போய்ப் பயிற்சியாளரிடம் சொன்னோம். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆடுற காலத்துல எனக்கும் இருந்துச்சும்மா. நானும் யார்ட்டயும் சொல்லல."

மூன்று மாதம் எங்கள் இருவருக்கும் போட்டிகள் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முழங்கால்களுக்கிடையே பந்தை வைத்து அமுக்கினோம். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை பெஞ்சில் வைத்து இடுப்பைத் தூக்கினோம். முதல் வாரம் ஐந்து முறைகூட முடியவில்லை. எனக்கு முதலில் சரியானது. அவளுக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

அவள் திரும்பி வந்த ஆட்டம் கோவில்பட்டியில். எதிரணிப் பெண் இடது மூலைக்கு ஓங்கி அடித்தாள். எங்கள் கோல்கீப்பர் முழுதாகக் காலை விரித்துச் சரிந்தாள். பந்து அவள் பாதத்தில் பட்டு என் முன்னால் வந்து நின்றது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, என்னய என்ன பாக்க? பந்த வெளிய தள்ளு!"

தள்ளினேன். பிறகு ஓடிப் போய், "வலிச்சுதாளா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றவள், எனக்காக இன்னொரு முறை காலை விரித்து உட்கார்ந்து காட்டினாள்.