தறியில் ஏறிப்போன கடைசி சீன்

அண்ணன் கண்ணை மூடியபோது பக்கத்தில் இருந்தவர்கள்: அண்ணி. என் தங்கை. தறிக்கு டிசைன் போட்டுத் தரும் எதிர்வீட்டு மேஸ்திரி. நான். மெட்ராஸிலிருந்து யாரும் இல்லை. முடிவு திடீரென்று வந்தது, சொல்லி அனுப்ப நேரமில்லை.

நான் படித்தது ஐந்தாவது. அண்ணனைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. இந்த ஒன்றை மட்டும் நான்தான் எழுத வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஆரணியில், இதே வீட்டில். அப்பா போன பிறகு தறியில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் திருவிழாவுக்கு நாடகம் எழுதினார். பிறகு மெட்ராஸ் போய் நாடகக் கம்பெனிகளுக்கு எழுதினார். எழுபதுகளில் சினிமா. வசனம் அவருடையது, திரையில் வருவது வேறு ஆள் பெயர். கேட்டால், "சோறு வருதில்ல, வுடுடா" என்பார்.

ஊருக்கு வந்தால் காகிதத்தைத் தொடமாட்டார். தறிக்கு வாங்கி வைத்த வெற்று அட்டையில்தான் எழுதுவார். ஓர் அட்டைக்கு ஒரு வசனம். அடங்காவிட்டால் வசனத்தை வெட்டுவார். நோட்டில் பிரதி எடுத்ததும் அந்த அட்டைகளைத் தறியோரம் வைத்துவிடுவார். மேஸ்திரி அதில் டிசைன் ஓட்டை அடிப்பார். வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றுவோம்; அந்த ஓட்டைகளின்படிதான் சேலையில் பூ விழும்.

ஒரு படத்துக்குக் கடைசி சீன் எழுத வந்தார். இந்த முறை டைட்டிலில் அவர் பெயரே போடுவதாகப் பேச்சு. திங்கட்கிழமை மதியம் கார் வரும். சீன் கொடுக்காவிட்டால் வேறொருவர் எழுதுவார், பெயரும் அவருக்கே. வந்த இடத்தில் ஜுரம். ஜுரத்திலேயே எழுதி அட்டைகளைத் தறியோரம் வைத்துவிட்டுப் படுத்தார். பிரதி எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்.

கார் வந்தபோது நோட்டு வெறுமையாக இருந்தது, சீன் தறிக்கு மேலே தொங்கியது. கீழே முகூர்த்தச் சேலை பாதி ஓடியிருந்தது. அட்டையைக் கழற்றிப் பிரித்தால் சேலை கெடும்.

"ஞாபகம் இருக்கிறத சொல்லுங்களேன்" என்றார் அண்ணி.

"ஜுரத்துல எழுதினது. ஒரு வரி நெனப்புல இல்ல" என்றார் அண்ணன், படுத்தபடியே.

வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். "சார், ஜல்தி! லேட்டா போனா எனக்குத்தான் பேஜார்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மேலே பார்த்தார். "ஒக்காருடா. நெய்யி. மெதுவா மிதி."

ஒரு மிதிக்கு ஓர் அட்டை திரும்பும். அண்ணன் ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாகப் படித்தார். மேஸ்திரி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தங்கை நோட்டில் எழுதினாள். ஓட்டை விழுந்த இடத்தில் எழுத்து இல்லை. அங்கெல்லாம் நிற்பார், யோசிப்பார், சொல்லுவார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அடுத்த மிதி மிதிக்கவில்லை.

"'தம்பி, உன்ன நான்'... இங்க ஓட்டை" என்றார்.

"இன்னான்னு எழுதறதுண்ணே?" என்றாள் தங்கை.

"'மன்னிக்கல'ன்னு எழுது."

"பாவம்ண்ணே அந்தத் தம்பி!"

"எழுதிகினே வா. டிரைவர் கத்தறான் பாரு."

படத்துக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. கடைசி வரை கேட்கவில்லை.

நோட்டு காரில் போனது. சேலையும் கெடவில்லை.

அதன் பிறகும் எழுதினார். நெஞ்சு வலி வந்ததும் ஊரோடு இருந்துவிட்டார். படுத்த ஏழு மாதமும் அண்ணிதான் பார்த்துக்கொண்டார். மேஸ்திரி தினமும் வந்து பேப்பர் படித்துக் காட்டினார். தூக்க வந்தவர்கள், தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்கள், செய்யாரிலிருந்து பஸ் பிடித்து வந்த சொந்தங்கள் எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

அண்ணன் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் படம் ஆரணிக்கு வந்த அன்று, அண்ணனோடு ஐந்து பேரும் போனோம். பெயர் போட்டிருக்கிறார்களா என்று அண்ணனுக்கே தெரியாது. விளக்கு அணைந்தது. நடிகர்கள் பெயர் வந்தது. பாட்டு எழுதியவர் பெயர் வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தார், சில்லென்று இருந்தது. பிறகு 'கதை வசனம்' என்று வந்தது. அதன் கீழே அண்ணன் பெயர்.

எனக்கு நேரத்தை எண்ணத் தெரிந்த வழி ஒன்றுதான். என் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பெயர் நின்றது ஆறு மிதி.