அண்ணன் கொடுத்த பாதி

எங்கள் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் அண்ணன் மூன்று மாதம் ஜெயிலில் இருந்தபோது, குன்னத்துகாலில் அவனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண். முடி பஞ்சு வெள்ளை, தோலும் வெள்ளை. வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்காது. எங்கள் குடும்பமோ நல்ல கறுப்பு. ஊர் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரர் இருந்த மிஷன் பங்களாவைக் காட்டிக் கண்ணடித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அண்ணன் மனைவியான மயினியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போலீஸ் லத்திக்கு அசையாத அண்ணன், திரும்பி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்ததும் ஒடிந்துபோனான். எங்கள் சபையில் ஞானஸ்நானத்தன்று அப்பன்தான் பிள்ளையை ஏந்திக்கொண்டு முன்னால் போய்ப் பேர் சொல்ல வேண்டும். "நான் வரல்ல" என்றான். அவன் வராவிட்டால் ஒற்றசேகரமங்கலத்துக்கு, தன் அப்பன் வீட்டுக்கே போய்விடுவதென்று மயினி துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் படித்தேன். ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை வகுப்பில் 'ரிசஸிவ்' என்ற சொல் வந்தது. ஒடுங்கிக் கிடக்கும் பண்பு. அப்பனிடமிருந்து ஒன்று, அம்மையிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் தலைமுறை தலைமுறையாக ஒளிந்தே போகும். பட்டாணிச் செடியைச் சொல்லி முடித்த ஆசிரியை, சொந்தத்தில் கல்யாணம் செய்த கறுத்த பெற்றோருக்கு வெள்ளை முடியோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மயினி எங்கள் அத்தை மகள். பேர்கூடத் தெரியாத ஏதோ ஒரு முன்னோரிடமிருந்து இரண்டு வழியாகப் பிரிந்து, யார் கண்ணிலும் படாமல் வந்து, அது எங்கள் தொட்டிலில் சேர்ந்திருக்கிறது! அன்று முழுவதும் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊருக்கு ஓடினேன். மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளையில் நின்ற அண்ணனுக்கு மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன்.

"வெள்ளைக்காரனுக்க பிள்ளையானா மாநிறமாட்டு இருக்கும், அண்ணா. இது வேறயாக்கும். ஒரு பாதி மயினி தந்தது. மற்றது?"

அவன் குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினான். "எனக்க கிட்ட இருந்தா?"

"உனக்க கிட்ட இருந்தாக்கும். எனக்குள்ளயும் இருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணன்தான் பிள்ளையை ஏந்தி நடந்தான். ஜன்னல் வெளிச்சம் அதன் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பேரைச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் மயினி பெட்டியைத் திறந்து துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் தலை நிமிரவில்லை.

"உனக்க புஸ்தகம் சொன்னப்போ எல்லாரும் நம்பினிய," என்றாள். "இது அவருக்க பிள்ளைன்னுதானே நான் முதல்லயே சொன்னேன்."