புளி போட்டுத் துலக்கிய டிரம்பெட்

ஒரு வாத்தியம் எப்போது 'பழசு', எப்போது 'அந்தக் காலத்தது' என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றே இல்லை. பழசு என்றால் எடைக்குப் போகும். அந்தக் காலத்தது என்றால் பெரிய வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எலுமிச்சை அளவு புளி இருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பகலில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார். கல்யாணம், தேர், சாவு எது வந்தாலும் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவார். அந்த டிரம்பெட்டை ஒரு பட்டாளத்துக்காரரிடமிருந்து வாங்கினார். அவரும் யாரிடமிருந்தோ வாங்கியதுதான். அது பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. வாய் அகன்ற பக்கம் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் வெட்டியிருந்தன.

பேண்டு மாஸ்டருக்கு ஒரே சட்டம், வாத்தியம் பளபளவென்று இருக்க வேண்டும். மங்கலாகக் கொண்டுவந்தால் கடைசி வரிசை. அதனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் முந்தின நாள் அம்மா அதைக் குழாயடிக்கு எடுத்துப்போய்ப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பாள். எத்தனை வருஷத் தேய்ப்பு! அந்த இங்கிலீஷ் எழுத்துகள் விரலால் தடவினால் மட்டும் தெரிகிற அளவுக்கு மழுங்கிப்போயின. நைனாவுக்கு அதில் வருத்தமில்லை. தேர் முன்னால் வெயிலில் அது மின்னும்போது அவர் முகமும் மின்னும், நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு நெஞ்சு போயிற்று. கரித்தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஊதினால் உயிர் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். நைனா டிரம்பெட்டை வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டினார். அதன்பின் அம்மா அதைத் தொடவில்லை. ஊதாத வாத்தியத்தை எதற்குத் துலக்குவது? எங்கள் சந்தில் கடல் உப்புக் காற்று நேராக வந்து மோதும். இரண்டு மழைக்காலத்தில் அது கறுத்து, வளைவுகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறி, அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டது.

செட்டுக்காரர்கள் நைனாவைப் பார்க்க வருவார்கள். ஒருநாள் டிரம் அடிக்கிறவர், "இன்னா மாமு, இத்த பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாமா?" என்று கேலி பண்ணினார். ஊரில் எல்லோரும் சொல்கிற கேலிதான். நைனா கையிலிருந்த டம்ளரை விட்டெறிந்தார். டிரம்காரர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "வூட்ல இன்னா வேணா வித்துக்கோ. இத்த மட்டும் எடைக்குப் போட்றாத. சுத்தியால அடிச்சி நசுக்குவான். நான் வாய் வெச்ச பொருளும்மா" என்றார். வீட்டில் விற்பதற்கு வேறு என்ன இருந்தது? நான் தண்டையார்பேட்டையில் தைத்துக் கொண்டுவந்த கூலி மருந்துக்கே போதவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய வீடுகளுக்குப் பழங்காலச் சாமான் பிடித்துக் கொடுப்பவர். எங்கள் தெருமுனையில் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ரயில்வே குடும்பம் ஒன்று சீமைக்குப் போவதற்காகப் பியானோவை விற்றுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வந்தவர் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கினவர் குடிக்கவே இல்லை, ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அந்தக் காலத்து வாத்தியமாச்சே! எப்படிக் களிம்பு ஏறியிருக்கு பாருங்கோ. நூறு வயசு இருக்கும் போலிருக்கே" என்றார்.

"வாங்கினு போயி இன்னா பண்ணுவீங்க?" என்று நைனா படுத்தபடியே கேட்டார்.

"கண்ணாடிப் பெட்டியில வைப்பா. யாரும் தொடமாட்டா."

நைனா எழுந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க நைனா, "கண்ணாடிப் பெட்டில குந்தப் போறான் என் பையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சி கூட ஒரு கரண்டி கூடுதலாக இறங்கியது.

சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் பச்சைத் தண்ணீர். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தோ பாரு, எம்மாம் சோக்கா கீது! பெரிய மனுசன் வராரு, கலீஜா குடுக்க முடியுமா?" என்றாள். பெண் பார்க்க வருகிற வீட்டில் விளக்கைத் துலக்காமல் விடுவாளா ஒருத்தி? எங்கள் சந்தில் எவளைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பாள். நைனாவும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழையபடி ஆயிட்டான்டி" என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பாயில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் டிரம்பெட்டை வைத்திருந்தோம். அவர் அதைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அந்தப் பழசை எங்கே வெச்சேள்?"

"அதான் சாமி இது" என்றாள் அம்மா.

"என்கிட்டேயே சாமானை மாத்தறேளா? இது புதுசு. ஒரு எழுத்துகூட இல்லையே இதுல!"

நைனாவுக்கு வந்த கோபத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. பேச முடியவில்லை. அம்மா ஓடிப்போய்க் குழாயடியில் கிடந்த புளிச்சக்கையை அள்ளிக்கொண்டு வந்தாள். அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சத்தியமா அதே வாத்தியந்தான் சாமி. இத்தப் பாருங்க, பச்ச பச்சயா எப்டிக் கீது பாருங்க. எல்லாம் அதுல இருந்து வந்ததுதான். ஒரு பொட்டு அழுக்கு வெக்கல நானு."

அந்த மனிதர் புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்வேன். குரல் இறங்கிவிட்டது. "அதுதாம்மா காலம். அதைத் தேய்ச்சுக் கொட்டிட்டேளே. இனிமே இது வெறும் பழசு" என்றார். துண்டை மடித்து டிரம்பெட்டின் மேல் போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அவர் பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. நூறு வயசாம், காலமாம்! அவர் பார்த்து வாயைப் பிளந்த பச்சைக்கு இரண்டு வயதுதான். எங்கள் நைனா ஊதாமல் கிடந்த இரண்டு மழைக்காலம் அது. மனிதன் ஊதி வாழ்ந்த காலத்துக்கெல்லாம் கணக்கில்லை, ஊதாமல் ஆணியில் தொங்கின காலத்துக்குத்தான் கண்ணாடிப் பெட்டி. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது? அம்மா கையில் புளியோடு அப்படியே நின்றிருந்தாள்.

மறுபடி ஆணியில் மாட்டி வைத்தால் களிம்பு ஏறும் என்று நான் சொன்னேன். "அது வரிக்கும் நான் கீறனா?" என்றார் நைனா. அதற்குப் பிறகு கஞ்சியும் சரியாக இறங்கவில்லை.

மருந்து நின்று, அடுப்பும் நின்றுபோன ஒரு காலையில் தெருவில், "ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று வண்டிக்காரன் கூவினான். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நைனாதான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "கூப்புடு" என்றார்.

வண்டிக்காரன் டிரம்பெட்டைத் தராசில் வைத்தான். மற்றவர்கள் கொண்டுவருகிற பாத்திரத்துக்கெல்லாம் அழுக்குக்கும் களிம்புக்கும் என்று எடையில் ஒரு பங்கு கழிப்பான். இதைத் திருப்பிப் பார்த்தான். "இன்னாம்மா, இப்டித் தேச்சி வெச்சிகிற! கழிவே போட வேணாம். முழு எடையும் உனக்கே" என்றான். அம்மாவின் புளிக்கு இந்த உலகத்தில் கிடைத்த மரியாதை அதுதான். பிறகு அதைத் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தான். மூன்றாவது அடியில் தட்டையாகிவிட்டது.

காசைக் கொடுத்துவிட்டு, கொசுறாக ஒரு கை பேரீச்சம்பழத்தை அம்மாவின் முந்தானையில் போட்டான். அவள் உள்ளே கொண்டுவந்து என்ன செய்வதென்று தெரியாமல் நைனாவின் பக்கத்தில் வைத்தாள். அவர் தொடவே மாட்டார் என்றுதான் நினைத்தோம். சற்றுப் பொறுத்து, கையை மட்டும் பின்னால் நீட்டித் தடவி, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.