பல் டாக்டரின் வெண்ணெய் ஜோக்

எங்கள் பல் டாக்டரைத் தங்கமான மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அவருடைய ஜோக்கைக் கேட்கிறவள் நான்.

சாதாரண ஜோக் இல்லை. இங்கிலீஷையும் பிரெஞ்சையும் முடிச்சுப் போடுகிற ஜோக். 'பெயின்' என்றால் இங்கிலீஷில் வலி. அதே எழுத்துகளுக்குப் பிரெஞ்சில் ரொட்டி என்று அர்த்தமாம். அதனால் டிரில்லைக் கையில் எடுத்ததும், "பெயின் இருக்கா? இருந்தா சொல்லுங்க, வெண்ணெய் தடவிடலாம்" என்பார். வாயைப் பிளந்து படுத்திருப்பவர் "ஆ" என்பார். வேறென்ன செய்ய முடியும்?

வீட்டில் இந்தப் பருப்பு வேகவில்லை. "ஒரு ஜோக்குக்காக ரெண்டு பாஷை கத்துக்கணும்னா, நான் டைவர்ஸே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி. மகள் இயர்போனை மாட்டிக்கொள்வாள். சாவதற்குள் ஒருத்தராவது சிரித்துவிட வேண்டும் என்பதுதான் மனுஷனின் ஆசை. பாவம்தான், எனக்கும் தெரியும்.

ஒருநாள் சொத்தைப் பல்லோடு ஒரு பிரெஞ்சு டீச்சர் வந்தார். டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊசி போட்டு, மரத்துப்போகிறவரைகூடப் பொறுக்காமல், டிரில்லைப் பல்லில் வைத்துக்கொண்டே வெண்ணெய் ஜோக்கை அவிழ்த்துவிட்டார். டீச்சர் உடம்பு குலுங்க என்னவோ ஒரு சத்தம் போட்டு, டாக்டரின் விரலையும் கடித்துவிட்டார்.

"சிரிச்சாங்கம்மா!" என்றார் டாக்டர், ரத்தம் சொட்டச் சொட்ட.

"கடிச்சாங்க டாக்டர்!"

காதில் வாங்கினால்தானே. வேலையைப் பாதியில் விட்டு, டீச்சரை அடுத்த வாரம் வரச் சொன்னார். அதுவரை விரலில் போட்ட கட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே திரிந்தார். காய்கறிக்காரரிடம்கூடக் காட்டினாராம்.

டீச்சர் வந்தார். பல்லை அடைத்து முடிக்கும்வரை டாக்டர் ஜோக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. டீச்சர் சிரித்து வைத்தால் டிரில் பட்டு நாக்கு போய்விடுமே என்ற பயம். கையுறையைக் கழற்றியதும், "அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்களே, இன்னும் நிறைய இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சிரிச்சேனா? அந்த ஜோக்கை எங்க ஆறாங்கிளாஸ் பசங்களே சொல்லுவாங்க. எனக்கு உயிர் போற வலி டாக்டர்!"

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

மெல்லத் திரும்பினார். "உனக்குப் புரிஞ்சுதாம்மா?"

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு, நான் சிரித்தது ஜோக்குக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நல்லாவே புரிஞ்சுது டாக்டர்."

இப்போதெல்லாம் நோயாளி இல்லாத நேரத்திலும் கூப்பிட்டு உட்கார வைத்துப் புதுசு புதுசாகப் பிரெஞ்சு ஜோக் சொல்கிறார். ஒரு எழவும் புரியாமல் நானும் சிரித்துத் தொலைக்கிறேன்.