போர்டில் ரெஜினா

நர்சம்மா ரெஜினா போன செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். திருவண்ணாமலையில் நான் கட்டிவரும் புதுக் கடை வாசலில் போர்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மகள் போன் செய்தார். "அண்ணா, அம்மா போயிட்டாங்க." அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே என் மகன் ஆரம்பித்தான். "அப்பா, புதுக் கடைக்காவது ரெஜினாங்கற பேரை மாத்திடலாம். கோயிலுக்குப் போற வழி. சாமி பேரு வெச்சா ஜாஸ்தி ஓடும். அவங்களும் இப்ப இல்ல." அவனுக்கான பதிலை இந்த அஞ்சலிக் குறிப்பிலேயே எழுதுகிறேன். நர்சம்மா கையில் பிறந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் முன்னிலையில் சொல்வதுதான் சரி.

கீழ்பென்னாத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் பிரசவம் பார்த்துவந்த காலத்தில், நான் சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவன். போகிற ஊரிலெல்லாம் ஒரு ரெஜினா தெருவில் விளையாடிக்கொண்டிருப்பாள். மாதா கோயில் வாசலையே மிதிக்காத வீடுகள் அவை. ஒரு தாயிடம் கேட்டேன். "நர்சம்மா பேருங்க. அந்தம்மா இல்லன்னா நானும் இல்ல, இதுவும் இல்ல. அர்த்தமெல்லாம் எனக்கெங்க தெரியும்?" என்றாள்.

அர்த்தத்தை நர்சம்மாவே சொன்னார். "லத்தீன்ல ராணினு அர்த்தம். பூசையெல்லாம் லத்தீன்ல நடந்தப்ப மாதாவை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். நம்ம ராணியும் அந்த ரெஜினாவும் ஒரே வேர்னு எங்க சாமியார் சொல்வாரு. எங்கப்பா கல்லு உடைக்கிறவரு. பொண்ணை ராணினு கூப்பிட அவரு யாரைக் கேக்கணும்?" பிறகு சிரித்தார். "பாய் வீடுங்கள்ல ரெஜினா பேகம்னு வெக்கிறாங்க. பேகம்னாலும் பெரிய இடத்து அம்மாதான். அந்தப் புள்ளைங்க என்னைவிட ஒரு படி மேல!"

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணத்துக்கு நின்ற காலத்தில் நான் டவுனில் சிறிய பாத்திரக் கடை போட்டிருந்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ரெஜினாக்களுக்குக் கல்யாணம். ஒருத்தி டவுனில் பாய் வீட்டுப் பெண், இன்னொருத்தி அடி அண்ணாமலையில் விவசாயி மகள். இரண்டு வீட்டுச் சீர்ப் பாத்திரத்திலும் 'ரெஜினா' என்றே பேர் வெட்டியிருந்தோம். வேன்காரன் மாற்றி இறக்கிவிட்டான். குத்துவிளக்கு பாய் வீட்டுக்குப் போனது. பிரியாணி தேக்சா அடி அண்ணாமலைக்குப் போனது.

"இந்தத் தேக்சால ஊருக்கே பிரியாணி ஆக்கலாங்க. எங்க வீட்டுல முட்டை கூட ஒடைக்க மாட்டோம்!" என்று விவசாயியின் மனைவி போனில் கத்தினார். பாய் கத்தவில்லை. "எடுத்துக்குனு போயிடுங்க முதலாளி, நாங்க வேற கடை பாத்துக்கிறோம்" என்றார். எனக்கு அதுதான் பயம். முளைத்து இலை விடாத கடை, கல்யாண வீட்டில் கிளம்பும் ஒரு பேச்சில் கருகிவிடும்.

இரண்டு வீட்டுக்கும் நர்சம்மாதான் முக்கிய விருந்தாளி. சேதி கேட்டதும் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். விளக்கை அவரே மடியில் வைத்துக் கொண்டுபோனார். இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு: "ரெண்டும் என் கையில வுழுந்த புள்ளைங்க. பாத்திரம்தானே மாறிச்சு, பொண்ணு மாறலியே?" அதற்குப் பிறகு கோபப்பட யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு குடும்பமும் இன்றுவரை என் வாடிக்கை.

மறுவாரம் அவரிடம் போய், கடைக்கு உங்கள் பேரை வைக்கலாமா என்று கேட்டேன்.

"பாசமா, வியாபாரமா?"

"வியாபாரந்தாங்க. எல்லா சாதி சனத்துக்கும் தெரிஞ்ச பேரு. மூணு மதத்துலயும் கிராக்கி."

"பரவால்ல, பாசம்னு பொய் சொல்லல. வெச்சுக்கோ. ஆனா சும்மா தர மாட்டேன்."

லாபத்தில் பங்கு என்றேன். முறைத்தார். எழுந்து என்னோடு கடைக்கு வந்து, பேர் வெட்டி அடுக்கியிருந்த சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "மாமன் பேரு, சித்தப்பன் பேரு, மாப்பிள்ளை பேரு. இதுல சோறாக்கப் போறவ பேரு எங்கப்பா?" அந்த இரண்டு ரெஜினாக்களின் தாய்மார்கள் அடம்பிடித்ததால்தான் பெண் பேர் ஏறியிருந்தது. மற்ற வீடுகளில் அந்த வழக்கமே இல்லை.

அப்போது பேசியதை மகன் அறியமாட்டான். ஆகவே எழுதுகிறேன். புதுக் கடைக்கும் போர்டு ரெஜினா பாத்திர மாளிகைதான். பெயின்டரிடம் சொல்லியாகிவிட்டது. கடை எனக்குப் பின் அவனுக்கு வரும்போது, பேரோடு அதன் விலையும் சேர்ந்தே வரும். நர்சம்மா கேட்டதும் நான் ஒப்புக்கொண்டதும் இதுதான்: சீர்ப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும், யார் பணம் கட்டினாலும், முதலில் வெட்டுவது கல்யாணப் பெண்ணின் பேர். அந்தப் பேருக்குக் கூலி கிடையாது. போர்டு இருக்கும்வரை.