மீன் லாரிக்குள் இருந்த அக்கா

கோணல் மாணலாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கைதான். வருஷங்களும் பெயர்களும் எனக்குள் தங்குவதில்லை. ஆனால் சமைக்கும் குசினியின் வெளிச்சுவரோரம் இன்றும் கிடக்கும் அந்தப் பழைய பால் வாளியைப் பார்த்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அடி ஓட்டையானதால் ஒதுக்கிய வாளி. அதில் கல்லை நிரப்பி, நடுவில் மூங்கிலை நட்டு, மேலே ஆன்டெனாவைக் கட்டியவள் என் மகள்.

அப்போது எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகள் எதற்கும், கரண்ட் வரவில்லை. கொழும்பில் இருந்த என் அண்ணன் கொடுத்த கறுப்பு வெள்ளை டி.வி. கார் பேட்டரியில்தான் ஓடும். அந்தப் பேட்டரியைச் சாக்கில் சுற்றி, சரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, கரவனெல்லை டவுனுக்கு பஸ்ஸில் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவோம். "அக்கே, பரிஸ்ஸமென்!" என்று சிங்களத்தில் கவனமாக இருக்கச் சொல்லிக் கண்டக்டர் எட்டியே நிற்பான், ஆசிட் தன் கால்சட்டையில் தெறித்துவிடுமோ என்று. இவ்வளவும் சனிக்கிழமைதோறும் சாயந்திரம் தொடராக வரும் ஒரே ஒரு படத்துக்காக. ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மைப் படம், சிங்களத்தில் பேசும். எங்கே பார்த்தாலும் இயந்திரமாக இருக்கும் பெரிய பட்டணம், மூளைக்குள் வயர் வைத்த மனிதர்கள், அந்தப் பட்டணத்தையே வாங்கிவிட்ட கம்பனியோடு சண்டை போடும் நாலைந்து இளவட்டங்கள். இப்படித்தான் மகள் சொன்னாள். நான் பார்த்ததில்லை. எங்கள் டி.வி.யில் ஒரு கோளாறு: யாராவது வெளியே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் நிற்கும், கையை எடுத்தால் மழை பெய்கிற மாதிரிப் புள்ளி விழும். அந்தக் கை என்னுடையது.

"அம்மா, கோயில் பக்கம் கொஞ்சம்! ஐயோ, தாண்டிட்டீங்க. ஸ்டோர் பக்கம் வாங்க, ஸ்டோர் பக்கம்! ஆ, அப்படியே. அசையாதீங்க, மூச்சு விடாதீங்க!"

"மூச்சு விடாம செத்துப் போகவாடி?"

"படம் முடிஞ்சதும் விடுங்க."

படத்தில் கூரைக்குக் கூரை தாவும் பெண்ணைத்தான் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பிடிக்கும். என் மகளுக்குப் பிடித்தவள் வேறு ஒருத்தி. பழைய மீன் லாரிக்குள் பத்துப் பதினைந்து டி.வி.க்கு நடுவே உட்கார்ந்திருப்பாளாம். ஓடுகிறவர்களின் காதுக்குள், இடது பக்கம் திரும்பு, நில், இப்போது குதி என்று சொல்வது அவள்தான். பிடரியில் ஒரு வயர் லாரியோடு சேர்ந்திருக்கும். அதைப் பிடுங்கினால் வெளியே போனவர்களுக்கு வழி தெரியாது. அதனால் எல்லோரும் திரும்பும் வரை அவள் இறங்கவே முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் குரல் மட்டும் கேட்கும். அவசரப்படாத குரல்.

"அப்ப அவ எப்ப சாப்புடுவா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அம்மா, அது பொம்ம படம்."

"பொம்மைன்னா பசிக்காதா?"

மகள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு கதவு வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இந்த மூங்கில விட்டுட்டு வரமாட்டீங்கதானே" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் படம் முடிய இன்னும் இரண்டு சனிக்கிழமை இருக்கும்போது அவளுக்குக் குவைத் விசா வந்தது. இரண்டு வருஷ வீட்டு வேலை. பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கடைசிப் பாகத்தப் பாத்து எழுதுங்கம்மா. அந்த அக்கா லாரிய விட்டு எறங்குனாளான்னு மட்டும் எழுதுங்க. அவ எறங்கிட்டா நானும் வந்துருவேன்னு வெச்சுக்கங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு நானே பேட்டரியைச் சார்ஜ் போட்டு வந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மதினியை மூங்கிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முதல் முறையாக டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். வெறும் புள்ளி. மதினி எப்படிப் பிடித்தாலும் படம் நிற்கவில்லை. கடைசியில் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு நானே வெளியே போய்ப் பிடித்தேன். உடனே படம் வந்துவிட்டதாம். குரல் எனக்குக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. பழைய பேட்டரி, அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மதினி தன் காம்பராவில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எறங்குனாளா மதினி?"

"எவ? ஒரு பொம்பள லாரிக்குள்ள இருந்தா. கதவு தொறந்துச்சு. அதுக்குள்ள என் சோறு அடிப்பிடிச்ச வாசம். வந்துட்டேன்."

ஒரு கிழமை, ஏழு நாளும் யோசித்துவிட்டு மகளுக்கு எழுதினேன்: அந்த அக்கா இறங்கிவிட்டாள். வயரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா சோறு போட்டாள்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. "அந்த அக்காவுக்கு அம்மா இல்லம்மா. முதல் பாகத்துலயே சொல்லிட்டாங்க. நீங்க வெளிய நின்னுருப்பீங்க. ஆனா நீங்க எழுதுனதே நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாள்.

இரண்டு வருஷம் நாலாகி, நாலு எட்டாகிவிட்டது. நடுவில் இரண்டு முறை லீவில் வந்து போனாள். அவளுடைய தம்பியின் படிப்பும் இந்தக் கூரைத் தகரமும் அவள் அங்கிருந்து அனுப்பிய காசில் நடந்தவைதான். லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது, மூங்கில் உளுத்து விழுந்துவிட்டது. வாளியை மட்டும் நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கிருந்து போன் எடுத்துப் பேசுகிறாள். எங்கள் லயத்தில் அந்த வாளி இருக்கும் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன்.

"அம்மா, கொரல் ஒடையுது. கோயில் பக்கம் திரும்புங்க. ஆ, அப்படியே நில்லுங்க."

நிற்கிறேன். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறேன்.

நான் எழுதியதில் தப்பு நிறைய இருக்கும். அந்தப் படத்தைக் கடைசி வரை பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். கதவு திறந்த பிறகு அவள் இறங்கினாளா? இறங்கவில்லை என்றாலும் எனக்கு எழுதுங்கள். மகளிடம் சொல்ல மாட்டேன்.